கால்வாசி ஒட்டு

வெள்ளிக்கிழமை மதியம் மகா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரத்தில், அவள் கணவன் சுப்புராஜிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மட்டாஞ்சேரியில் இருக்கும் அவனுடைய படகுப் பட்டறை. மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் ரப்பர் வைத்து இறுக்கப்பட்டிருந்தது அவளுடைய ரைபிள். குழலின் முனையில் பளபளவென்று புதிதாக ஒரு வெட்டு. பக்கத்தில் கை கிரைண்டர். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "பாதி வேலை நானே முடிச்சாச்சு. சர்ப்ரைஸ்."

அவள் உடனே கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். கிரைண்டர் ஓடும்போது சுப்புராஜுக்குப் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. டப்பாவை மூடாமலே வைத்துவிட்டு, வெலிங்டன் தீவில் இருந்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தோப்பும்படிப் பாலத்தில் ஏறும் இடத்தில் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்புகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் நேரம். வண்டிச் சோதனை தொடங்கப் போகிறது.

அந்த ரைபிளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது துப்பாக்கிசுடும் போட்டிக்கான ரைபிள், லைசன்ஸ் மகாவின் பெயரில். க்ளப்பில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து முறைப்படி வாங்கியது. குழலின் முனையில் ஒரு ஒட்டுக்குழாய் உண்டு. குறி பார்க்கும் முன்வளையம் அதன் மேல்தான் இருக்கிறது. பழைய உடைமைக்காரர் அதை நிரந்தரமாகப் பற்றவைத்து வாங்கியிருந்தார். அதனால் லைசன்ஸில் எழுதியிருந்த குழல் நீளம் அந்த ஒட்டுக்குழாயையும் சேர்த்துத்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பெட்டி விழுந்து குழாய் லேசாக வளைந்துவிட்டது. அதை மாற்ற மகா கலெக்டரேட்டுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். எர்ணாகுளத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுக்காரர் யூசுப். அவருடைய கடைக்குள் வைத்துத்தான் பழையதைக் கழற்ற வேண்டும், புதியதையும் அங்கேயே பற்றவைத்த பிறகுதான் ரைபிள் வெளியே வர வேண்டும். அப்படித்தான் உத்தரவு. இடையில் வேறு எங்காவது ஒட்டுக்குழாய் கழன்றால் அது குறுக்கிய துப்பாக்கி. குறுக்கியவனுக்குச் சிறை.

இதையெல்லாம் சுப்புராஜிடம் அவள் சொல்லியிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டும் இருந்தான். ஆனால் அவன் காதில் தங்கியது யூசுப் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான்: பழைய ஒட்டை எடுக்கவே ஒரு நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டி அணிக்கான செலக்‌ஷனுக்குள் முடியுமென்று வாக்குக் கொடுக்க முடியாது.

பட்டறைக்குள் நுழைந்ததும் அவள் மெயின் சுவிட்சை அடித்து அணைத்தாள். கிரைண்டர் முனகி நின்றது.

"கரண்ட் போயிருச்சு," என்றான் சுப்புராஜ், முகக்கவசத்தைத் தூக்கியபடி. "அட, நீயா! அதுக்குள்ள வந்துட்ட?"

"கையை எடுங்க."

"இரு, இன்னும் கொஞ்சம்தான்..."

"கையை எடுங்கன்னேன்!"

அவன் எடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். பற்றவைப்பு வளையத்தைச் சுற்றி வெட்டு ஓடி, அடிப்பக்கம் வந்து நின்றிருந்தது.

"எவ்வளவு அறுத்தீங்க?"

"முக்கால் சுத்து. குழல்ல ஒரு கீறல் விழலை, பாத்துக்க. ஒட்டை மட்டும்தான் எடுத்திருக்கேன். யூசுப் இக்கா ஒரு நாள் ஆகும்னாரு, நான் ஒரு மணி நேரத்துல..."

"உங்களை யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? கழட்டுறதெல்லாம் ஒரு வேலையா மகா? மாட்டுறதுதான் வேலை. அதை அவரு பண்ணட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

அவன் பேசியதில் கள்ளம் இல்லை. படகுப் பட்டறைகளில் அப்படித்தான் வழக்கம். ஷாஃப்ட்டைக் கொண்டுவரும் படகுக்காரன் ப்ரொப்பல்லரைத் தானே கழற்றி வைத்துவிட்டு வருவான். கழற்றியதற்கு எந்தப் பட்டறையிலும் கூலி கேட்க மாட்டார்கள்; கேட்டால் சிரிப்பார்கள். பொருத்துவது, கடைவது, பற்றவைப்பது மட்டும்தான் வேலைக் கணக்கில் வரும். சுப்புராஜ் இந்த வழக்கத்தை நம்பித்தான் அறுத்திருந்தான்.

"சட்டத்துல அது தலைகீழ்," என்றாள் மகா. "கழட்டுறதுதான் குத்தம். வளைஞ்ச குழாயை மாத்தாம விட்டாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. கழட்டுனா உங்களை உள்ள வைப்பாங்க. புரியுதா?"

"என்னையா?"

"பின்னே கிரைண்டரையா?"

அவன் முகம் அப்போதுதான் மாறியது. கையுறையைக் கழற்றினான். "சரி, இப்ப என்ன? கழண்டா விழுந்துச்சு? இல்லையே. வெல்டிங் செட்டு இந்தா இருக்கு. ஒரு பொட்டு வச்சுட்டா பழையபடி..."

"ஒரு பொட்டும் வைக்கக் கூடாது. வச்சா அது இன்னொரு குத்தம். அறுத்ததை மறைச்சோம்னு ஆகும்."

அவள் யூசுப்பைக் கூப்பிட்டாள். நடந்ததை முழுவதும் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "கழண்டில்லல்லோ?" என்றார்.

"இல்ல இக்கா. கால்வாசி ஒட்டு இருக்கு."

"ஞான் அவிடே வந்து தொட முடியாது மோளே. என் லைசன்ஸ் என் கடைக்கு மட்டும்தான். நீ கொண்டு வா. கழலாம கொண்டு வா. என் மேசைக்கு மேல வந்து கழண்டா அது என் ஜோலி. ரோட்ல கழண்டா..."

பெட்டிக்குள் ரைபிளை அவளே வைத்தாள். ஒட்டுக்குழாயின் அடியில் பஞ்சுத் துணியைத் திணித்து, இரு பக்கமும் அசையாதபடி சுருட்டி முட்டுக் கொடுத்தாள். சுப்புராஜ் உதவ வந்தபோது முழங்கையால் தள்ளினாள். "லைசன்ஸ் என் பேர்ல. இனிமே நீங்க இதைத் தொடக் கூடாது."

"நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"பண்ணுனவன் நான். நீ மட்டும் போய் நிப்பியா?"

ஸ்கூட்டரில் கொண்டு போகிற பேச்சே இல்லை. தெருமுனையில் ஆறுச்சாமியின் ஆட்டோ நின்றது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாக மட்டாஞ்சேரியில் ஓட்டுகிறவர். மகா பெட்டியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். தரையில் வைத்தால் இன்ஜின் அதிர்வு நேராக ஏறும்.

"அண்ணா, எர்ணாகுளம். மெதுவா. குழி எதுவும் விடக் கூடாது."

"குழியை விட்டுட்டுப் போனா ரோடே மிச்சமிருக்காது தாயி," என்றார் ஆறுச்சாமி. "அதுக்குள்ள என்ன, வீணையா?"

"ரைபிள்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு சுப்புராஜைப் பார்த்தார். "அப்ப மெதுவாவே போவோம்," என்றார்.

சுள்ளிக்கல்லில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, மேலாக மண் போட்டு மூடியிருந்தார்கள். ஆட்டோவின் முன்சக்கரம் இறங்கி ஏறியது. பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். மகா பெட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"என்னது?" என்றான் சுப்புராஜ்.

"உள்ள."

"அது பெட்டியோட கொக்கி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கொக்கியா இருக்கட்டும்னு சொல்றேன்."

திறந்து பார்க்கலாமென்று அவள் கை கொக்கிக்குப் போனது. நடுத்தெருவில், தேர்தல் நேரத்தில், ஆட்டோவில் துப்பாக்கிப் பெட்டியைத் திறப்பதா? கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே குழாய் கழன்று கிடக்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமலே போக வேண்டியதுதான். பின்னால் ஒரு தனியார் பஸ் ஹாரனைப் பிடித்தபடி விடாமல் அடித்தது. ஆறுச்சாமி ஒதுங்கவில்லை. "அடிச்சுக்கோடா சேட்டா, நல்லா அடி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நடைவேகத்தில் உருட்டினார். பஸ் உரசுவதுபோல் முந்திப் போனபோது கிளீனர் தலையை வெளியே நீட்டி, பிரசவத்துக்கா கொண்டு போறே என்று மலையாளத்தில் கத்தினான்.

"ஆமாடா, ஒம் பொண்டாட்டிக்குத்தான்," என்றார் ஆறுச்சாமி. மகா சிரிக்கவில்லை.

பாலத்தின் வாயில் தடுப்புகளுக்கு நடுவில் வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. திரும்பிப் போகவும் வழியில்லை. பின்னால் ஒரு லாரி ஒட்டி நின்றது.

"மகா," என்றான் சுப்புராஜ் தணிந்த குரலில். "உன்கிட்ட ஆர்டர் இருக்கு, லைசன்ஸ் இருக்கு, க்ளப் கடிதம் இருக்கு. காட்டு. ரிப்பேருக்குக் கொண்டு போறோம்னு சொல்லு. அறுத்ததைப் பத்தி வாயைத் திறக்காத."

"திறந்து பாத்தா?"

"பாக்க மாட்டாங்க. பணம், சாராயம், அதைத்தான் தேடுறாங்க."

"பாத்தா?"

அவன் தலையை வெளியே நீட்டித் தடுப்பைப் பார்த்தான்.

சோதனையை நடத்திக்கொண்டிருந்தவர் எஸ்.ஐ. பிந்து. உயரமான பெண், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். ஆட்டோவுக்குள் குனிந்து, "எந்தா இது?" என்றார்.

மகா மூன்று காகிதங்களையும் நீட்டினாள். பிந்து எல்லாவற்றையும் படித்தார். போட்டிக்காரர்கள் தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியதில்லை என்ற க்ளப் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஓகே. பெட்டியைத் தொறக்கு."

மகா கொக்கிகளை விடுவித்தாள். மூடியைத் தூக்குவதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடினாள். திறந்தபோது ஒட்டுக்குழாய் இடத்தில்தான் இருந்தது. ஆனால் வெட்டின் வாய் மேல்பக்கம் விரிந்து, முனை கொஞ்சம் கீழே தலை குனிந்திருந்தது. பட்டறையில் அப்படி இல்லை.

பிந்து ரைபிளின் முன்பக்கமாகக் கையை நீட்டினார்.

"மேடம், அங்க தொடாதீங்க!"

அவள் கத்தியதில் இரண்டு கான்ஸ்டபிள்கள் திரும்பினார்கள். ஒருவர் தடியைப் பிடித்துக்கொண்டு நெருங்கினார். பிந்து கையை நீட்டியபடியே நிறுத்தி, மகாவை உற்றுப் பார்த்தார். பிறகு வெட்டைப் பார்த்தார். வெயிலில் அது புது நாணயம்போல் மின்னியது.

"இது இன்னைக்கு அறுத்தது," என்றார் மலையாளம் கலந்த தமிழில். "ஆர்டர்ல யூசுப்போட கடைன்னு எழுதியிருக்கு. நீங்க இனிமேதான் அங்க போறீங்க. அப்ப ஆரா இது அறுத்தது?"

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மகா வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றான் சுப்புராஜ்.

அவன் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றான். "இவளுக்குத் தெரியாது மேடம். ஆபீஸ்ல இருந்தா. ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். நேரம் மிச்சமாகும்னு நான் அறுத்தேன். பாதியில வந்து இவதான் நிறுத்துனா."

"பூட்டி வச்சிருக்கிற தோக்கு உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"சாவி இருக்கிற இடம்..." அவன் மகாவைப் பார்த்தான். "நானே தேடி எடுத்தேன்."

"பொய் சொல்றாரு மேடம்," என்றாள் மகா. "சாவி இருக்கிற இடத்தை நான்தான் சொல்லியிருந்தேன். வீட்டுல திருடன் வந்தா, தீப்பிடிச்சா யாருக்காவது தெரியணுமேன்னு."

"நீ சும்மா இருக்க மாட்டியா?" என்று சுப்புராஜ் பல்லைக் கடித்தான்.

"நீங்க காலையில சும்மா இருந்திருக்கலாம்."

பிந்து ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னார். ஜீப்பிலிருந்து அளவு நாடா வந்தது. ரைபிளைத் தூக்காமல், பெட்டிக்குள்ளேயே வைத்து, நாடாவை மேலாகப் பிடித்து அளந்தார். லைசன்ஸைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். பிறகு தள்ளிப் போய் யாரையோ கைபேசியில் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். மகா பெட்டியை மூடாமல் அதன் மேல் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாலம் ஒவ்வொரு கன்டெய்னர் லாரிக்கும் லேசாக நடுங்கியது. ஒட்டுக்குழாயும் நடுங்கியது.

பிந்து திரும்பி வந்தார். "கேளுங்க. இப்ப இதுக்கு முழு நீளம் இருக்கு. லைசன்ஸ்ல உள்ளது எதுவோ, அது இருக்கு. இந்த நிமிஷம் வரைக்கும் யாரும் இதைக் குறுக்கலை. லைசன்ஸ் இல்லாத ஆள் கை வச்சது வேற விஷயம்; அதுக்கு இவர் ஸ்டேட்மென்ட் எழுதணும், கலெக்டரேட்டுக்கும் நான் எழுதுவேன். ஆனா வழியில இது கழண்டா, அப்புறம் என் கையில எதுவும் இல்ல. இவர் இப்பவே ரிமாண்ட். மனசிலாயோ?"

"மனசிலாச்சு மேடம்."

"இவர் இங்க இருக்கட்டும். நீங்க போங்க. யூசுப் கையை வைக்கிறதுக்கு முன்னாடி, அவர் கடைக்குள்ள வச்சு எனக்கு வீடியோ கால் பண்ணணும். நாடா வச்சுக் காட்டணும். நான் பாத்து ஓகே சொன்ன பிறகுதான் அவர் தொடணும்."

சுப்புராஜை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆட்டோ நகர்ந்தபோது மகா திரும்பிப் பார்த்தாள். அவன் இரு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் உட்கார்ந்திருந்தான்.

தீவுக்குள் சாலை நன்றாக இருந்தது. ஆனால் துறைமுகத் தண்டவாளம் சாலையைக் குறுக்காக வெட்டிய இடத்தில் ஆறுச்சாமி வண்டியை முழுவதும் நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். இறங்கி, வண்டியின் முன்கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு தண்டவாளமாகத் தள்ளிக் கடத்தினார். பின்னால் வந்தவர்கள் எல்லா மொழிகளிலும் திட்டினார்கள்.

"நான் இறங்கட்டுமா அண்ணா?"

"நீ இறங்குனா பெட்டிக்கு மடி இல்லாமப் போயிரும். உக்காரு."

வெண்டுருத்திப் பாலம், தேவரா, பிறகு எர்ணாகுளத்து நெரிசல். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. உள்ளே என்ன ஆனதென்று கைக்கு எதுவும் தெரியவில்லை.

யூசுப்பின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். வாசலில் காத்து நின்றவர், அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கவில்லை. "நீயே கொண்டு வா, உள்ளறை மேசை வரைக்கும்," என்றார். மேசையில் வைத்துத் திறந்தாள். ஒட்டுக்குழாய் இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தது. ஒரு பக்கத்து இரும்பு நாக்குதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"படைச்சோனே," என்றார் யூசுப். "இதுல மிச்சம் இருக்கிறது ஒட்டே இல்ல. பிடிவாதம்."

மகா பிந்துவைக் கூப்பிட்டாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. துப்பாக்கி வைக்கும் அறை என்பதால் தடித்த சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. மறுபடியும் கூப்பிட்டாள். "மகாவா?" என்று ஒரு துண்டுக் குரல் வந்து அறுந்தது.

"வாசலுக்கு வெளிய போனாக் கிடைக்கும்," என்றார் யூசுப்.

"போனை எடுத்துட்டுப் போனா கிடைக்கும். ரைபிள் இங்க இருக்கே."

"ரைபிளை வெளிய எடுக்க முடியாது."

இருவரும் வாசலைப் பார்த்தார்கள். அறைக்கும் தெருவுக்கும் நடுவில் கடையின் முன்பகுதி இருந்தது. அங்கே ஒரு கண்ணாடி மேசை.

"அது கடைக்குள்ளதானே இக்கா?"

"லைசன்ஸ்ல அதுவும் சேரும். ஆனா அது வரைக்கும் தூக்கணும்." அவர் தாடியைத் தடவினார். "இல்லேங்கில் ஒண்ணு பண்ணலாம் மோளே. ஞான் இப்பவே இதை எடுத்துடறேன். சிக்னல் இல்லாம இருந்துச்சு, அதுக்குள்ள வேலை தொடங்கிட்டேன்னு ஞான் சொல்றேன். என் கடைக்குள்ள ஞான் கழட்டுனா ஆரு என்ன கேக்க முடியும்? வழியில கழண்டுதோன்னு அந்தப் பொண்ணு சந்தேகப்படும். சந்தேகம் மட்டும்தான்."

"சந்தேகப்பட்டா அவரை விட மாட்டாங்க."

"தூக்கும்போது விழுந்தா?"

"விழுந்தா உங்க கடையில விழுந்தது. ஆனா நீளத்தை அவங்க பாத்திருக்க மாட்டாங்க." அவள் பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க இக்கா. பெட்டியோட தூக்குவோம்."

தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். யூசுப் பின்புறமாக நடந்தார். இரும்பு வாசற்படியில் அவருடைய குதிகால் தட்டியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒட்டுக்குழாய் பஞ்சுத் துணிக்குள் இன்னும் ஒரு விரல் அளவு இறங்கியது. இருவரும் அப்படியே நின்றார்கள். அது அதற்கு மேல் இறங்கவில்லை. கண்ணாடி மேசையில் வைத்தபோது மகாவின் சுடிதார் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அழைப்பு போனது. பிந்துவின் முகம் வந்தது. பின்னால் பாலத்தின் இரைச்சல்.

"நாடாவை வை," என்றார் பிந்து. யூசுப் குனிந்து கிடந்த குழாயை விரலால் தொடாமல், அதன் சாய்வோடு சாய்வாக நாடாவை நீட்டினார். மகா கைபேசியைப் பக்கத்தில் கொண்டு போனாள். கைபேசி சாய்ந்ததில் எண்கள் கலங்கின.

"போனை நேராப் பிடி. ஒட்டு எங்க? இன்னும் பக்கத்துல காட்டு. ம். இன்னும்." பிந்து திரையை நெருங்கிப் பார்த்தார். "ஒட்டியிருக்கு. நீளம் சரிதான். யூசுப் இக்கா, உங்க பேரும் டைமும் சொல்லுங்க. ஞான் ரெக்கார்ட் பண்றேன்."

யூசுப் சொன்னார்.

"இனி எடுத்தோளு."

யூசுப் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து ஒட்டுக்குழாயைப் பிடித்தார். எந்தக் கருவியையும் அவர் எடுக்கவில்லை. லேசாகத் திருப்பினார். அது அவருடைய கைக்குள் வந்தது.

"அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்," என்றார் மெதுவாக.

மகா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கைபேசியில் பிந்து தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்: ரைபிள் கலெக்டரேட் சொல்லும் வரை யூசுப்பின் பூட்டில் இருக்க வேண்டும், புதிய குழாயைப் பொருத்துவதும் அதற்குப் பிறகுதான், திங்கட்கிழமை இருவரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், சாவி விஷயத்தையும் அவள் எழுதித் தர வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை..." என்றாள் மகா.

"ஞாயித்துக்கிழமை இந்த ரைபிள் இல்ல. அதுல ஒரு மாத்தமும் இல்ல." பிந்துவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "க்ளப்ல வேற இருக்குமில்லே?"

"இருக்கு. என் தோளுக்குப் பொருந்தாது."

"எனக்கு அதைப் பத்தித் தெரியாது. உங்க ஆளை விடுறேன்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு சுப்புராஜ் தொண்டையைச் செருமினான்.

"மகா."

"சொல்லுங்க."

"இவங்க ஒரு சாயா வாங்கிக் கொடுத்தாங்க. பர்ஸைப் பட்டறையிலேயே விட்டுட்டு வந்துட்டேன். ஆறுச்சாமி அண்ணனை வரும்போது இந்தப் பக்கமா..."

"நடந்து போங்க," என்றாள் மகா.

"மட்டாஞ்சேரி வரைக்குமா?"

"க்ளப்புக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிருவாங்க. அங்க இருக்கிற க்ளப் ரைபிளை ஞாயித்துக்கிழமைக்கு என் பேர்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. எழுதி வைக்க மட்டும்தான் சொல்றேன், கை வைக்க இல்ல. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான் சுப்புராஜ். அவன் எழுந்ததில் பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம் போனில் கேட்டது.